ஸ்னோடன் குதிரைலாடம்: நான்கு சிகரங்கள், ஒரு பகல்

முதல் நாள்: சுற்றை உள்ளிருந்து பார்த்தல்

இன்றைய குறிப்பு பென்-அ-பாஸிலிருந்து. வட வேல்ஸின் எரரி தேசியப் பூங்காவில், லான்பெரிஸ் கணவாய்ச் சாலையின் உச்சியில், 359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த இடம். ஒரு கார் நிறுத்தம், எதிரே ஒரு விடுதி, கழிப்பறை, சாப்பிட ஓரிடம். ஊர் என்று சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் பிரிட்டனில் ஒரே பகலில் நடந்து முடிக்கக்கூடிய மலைமுகட்டுச் சுற்றுகளில் எது சிறந்தது என்று மலை நடப்பவர்களைக் கேட்டால், அவர்களில் பலர் சொல்லும் சுற்று இங்கேதான் தொடங்கி இங்கேயே முடிகிறது.

கிழக்குப் பக்கம் வாய் திறந்த லாடம் போன்ற மலைத்தொடர் இது. வட கையில் கிரிப் கோக் (923 மீ.), அதையடுத்து கார்னெத் இகைன் (1065 மீ.). வளைவின் நடுவில், மேற்கே, அர் வித்வா என்று வேல்ஸ் மக்கள் அழைக்கும் ஸ்னோடன் (1085 மீ.), வேல்ஸின் மிக உயர்ந்த இடம் இதுதான். தென் கையில் லிவெத் (898 மீ.). நடுப்பள்ளத்தில் லின் லடாவ், அதற்கு மேலே கிளாஸ்லின் என்று இரண்டு ஏரிகள். மொத்த நடை 11 முதல் 12 கி.மீ.தான். ஏற்றங்களைக் கூட்டினால் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். பழகியவருக்கு ஏழு மணி நேரம், கூட்டமுள்ள நாளில் ஒன்பது மணி நேரம். 12 கி.மீ. என்ற எண்ணைப் பார்த்து இதை நான்கு மணி நேர நடை என்று கணக்குப் போடுபவர்கள்தான் மாலையில் லிவெத் இறக்கத்தில் தடுமாறுகிறார்கள்.

2022 முதல் தேசியப் பூங்கா ஆணையம் எரரி, அர் வித்வா என்ற வேல்ஸ் பெயர்களையே முன்னிறுத்துகிறது. பழைய வரைபடத்தில் ஸ்னோடன் என்றிருக்கும் இடமும் புதிய பலகையில் அர் வித்வா என்றிருக்கும் இடமும் ஒன்றே. வரைபடம் என்றால் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்17, அளவுகோல் 1:25,000. கைப்பேசிச் செயலி இருந்தாலும் தாள் வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்க வேண்டும். குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும். மழையில் நனைந்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது.

சுற்றுக்கு முந்தின நாளை வெறுமனே ஓய்வில் கழிக்காமல் மைனர்ஸ் டிராக் என்னும் பழைய சுரங்கத் தொழிலாளர் பாதையில் கிளாஸ்லின் வரை போய் வருவது நல்லது. லின் லடாவ் வரை வண்டிப்பாதை அளவு அகலம், ஏற்றமே தெரியாது. போக ஒன்றரை மணி நேரம் போதும். வழியில் முதலில் வருவது லின் டெய்ர்ன் என்ற சிறு ஏரி. அதன் கரையில் தாமிரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய கல் வீடுகளின் இடிபாடுகள் இருக்கின்றன. பிறகு லின் லடாவ். ஏரியின் குறுக்கே போகும் கல்பாலத்தை 1853இல் சுரங்கக்காரர்கள் போட்டார்கள், தாதுவை வண்டியில் கொண்டுவர. அக்கரையில் தாதுவை இடித்த ஆலையின் சுவர்கள் நிற்கின்றன. ஏரியிலிருந்து கீழே கூம் டலி மின்நிலையத்துக்குத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. அந்த நிலையம் 1906இலிருந்து இருக்கிறது. இந்தக் குழாயையும் கரையோரச் சிறு கட்டடத்தையும் இன்றே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நாளை லிவெத்திலிருந்து இறங்கிவரும் பாதை மைனர்ஸ் டிராக்கோடு சேர்வது அந்தப் பக்கத்தில்தான்.

கல்பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் நாளைய பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வலப்பக்கம் செந்நிறச் சரிவோடு எழும் கிரிப் கோக். எதிரே அர் வித்வாவின் கூம்பு. இடப்பக்கம் லிவெத்தின் வடமுகம், ஏறத்தாழ 300 மீட்டர் செங்குத்துப் பாறை. முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டனின் பாறையேறிகள் தொழில் கற்ற சுவர்களில் ஒன்று அது. எவரெஸ்ட்டில் இறந்த ஜார்ஜ் மல்லோரியும் அங்கே ஏறியவர். நாளை நடக்கப் போவது அந்தச் சுவரின் விளிம்பில்.

எல்லோரும் வலப்பக்கத்தையே படம் எடுக்கிறார்கள். இடப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். லிவெத் பாக் என்ற கடைசி மேட்டிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கும் தடம் தெரியும். ஆறேழு மணி நேரம் நடந்த கால்களோடு அந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று இன்று தெரிந்திருந்தால், நாளை உச்சியில் உட்கார்ந்து பேசும் நேரம் தானாகக் குறையும். இந்தச் சுற்றைப் பற்றிய பேச்சில் பத்தில் ஒன்பது பங்கு கிரிப் கோக்குக்குப் போகிறது. நடப்பவரின் நேரம், தண்ணீர், முழங்கால் ஆகிய மூன்றையும் கேட்பது அர் வித்வாவுக்குப் பிறகு வரும் பாதி.

இனி வானிலை. கிரிப் கோக் முகட்டில் பதிவான ஆண்டுச் சராசரி மழை 4,400 மி.மீ.யைத் தாண்டும், பிரிட்டனிலேயே மிக ஈரமான இடங்களில் ஒன்று. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு மழையைப் பார்த்தவர்களுக்கு அளவு புரியும், ஆனால் இங்கே அந்த மழை குளிரோடும் காற்றோடும் பக்கவாட்டில் வரும். ஊர் வானிலையைப் பார்த்துப் புறப்படக் கூடாது. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் வெளியிடும் எரரி மலைவானிலை அறிக்கையையும் எம்டபிள்யூஐஎஸ் என்னும் மலைவானிலைச் சேவையையும் முந்தின மாலையும் அன்று காலையும் பார்க்க வேண்டும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மழை அன்று, உச்சிக் காற்று. மணிக்கு 25 மைல், அதாவது 40 கி.மீ., என்று இருந்தால் கிரிப் கோக்கை விட்டுவிடுவதே என் கணக்கு. 35 மைல் என்றால் யோசனைக்கே இடமில்லை. திசையும் முக்கியம். கிரிப் கோக்கின் கத்திமுனை முகடு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், தாங்கலாம். வடக்கோ தெற்கோ குறுக்கே வந்தால், விட்டுவிட்டு வரும் திடீர் வீச்சு ஆளின் நிலையைக் குலைத்துவிடும். அடுத்தது மேக அடித்தளத்தின் உயரம். பிறகுதான் மழை. நேற்றிரவு பெய்து காலையில் விட்டிருந்தாலும் பாறை காயச் சில மணி நேரமாகும். பலர் ஏறித் தேய்ந்து மழுங்கிய பிடிகள் ஈரத்தில் வழுக்கும்.

வெப்பம் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் முக்கால் டிகிரிபோலக் குறையும் என்று வைத்துக்கொண்டால், கார் நிறுத்தத்தில் 14 டிகிரி என்றால் உச்சியில் 8 அல்லது 9. காற்றும் சேர்ந்தால் உடம்பு உணர்வது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில். ஜூன் மாதத்திலும் கையுறையும் கம்பளித் தொப்பியும் வேண்டும் என்பது இதனால்தான்.

பை 20 முதல் 25 லிட்டர், உடம்போடு ஒட்டியது. வெளியே எதுவும் தொங்கக் கூடாது. தொங்கும் தண்ணீர்க் குப்பி பாறையில் தட்டி ஆளையே திருப்பிவிடும். நடைக்கோல்கள் மடங்குபவையாக இருக்க வேண்டும். கிரிப் கோக் அடிவாரத்தில் மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டு கையும் பாறைக்கு வேண்டும். மழைச்சட்டை மட்டும் போதாது, மழைக்கால்சட்டையும் வேண்டும். மெல்லிய, உள்ளங்கையில் பிடிப்புள்ள கையுறை ஒரு ஜோடி, தடிமனானது ஒரு ஜோடி. நெற்றிவிளக்கு, விசில், அடிபட்டால் குளிர் தாக்காமல் ஆள் உள்ளே நுழைந்துகொள்ளும் உயிர்காப்புப் பை. தலைக்கவசம் கட்டாயமில்லை, ஆனால் கூட்டமுள்ள நாளில் மேலே போகிறவர் காலில் பட்டுக் கல் உருளும், அதனால் போட்டுக்கொள்வதே நல்லது. காலணியின் அடி புதிதாக, ஆழமான வெட்டோடு இருக்க வேண்டும். ஊரில் ஓடும் மென்மையான ஓட்டக்காலணி பாறையில் பிடித்தாலும் லிவெத் இறக்கத்தின் உதிர்கல்லில் காலை வாரிவிடும்.

தண்ணீர் இரண்டு லிட்டர். முகட்டின் மேல் ஊற்றோ ஓடையோ கிடையாது. சாப்பாட்டை ஒரே பொட்டலமாகக் கட்டாமல் ஒன்றரை மணிக்கொரு தரம் எடுத்து வாயில் போடும்படி பிரித்துக் கட்டுங்கள். நம்மவர்கள் கொண்டுவரும் புளிச்சோறு இதற்கு நல்ல உணவு, எண்ணெய் தாராளமாக இருந்தால். எண்ணெய் குறைந்த சோறு குளிரில் விறைத்துவிடும். சப்பாத்திச் சுருள், வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சை எல்லாம் நின்றபடியே சாப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. கைப்பேசியில் 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999 என்ற அவசர உதவி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலின்படி பதிவுசெய்து வைத்தால், பேச முடியாத அளவு சிக்னல் குறைந்த இடத்திலிருந்தும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம். இதை இன்றிரவே செய்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: சுற்று

காலை 6:45. மேக அடித்தளம் 900 மீட்டருக்கு மேல், காற்று மேற்கிலிருந்து 15 மைல், பாறை காய்ந்திருக்கிறது. போகலாம்.

பென்-அ-பாஸ் கார் நிறுத்தத்துக்கு இணையத்தில் முன்பதிவு வேண்டும். பருவ நாள்களில் பதிவில்லாமல் வந்தால் இடம் கிடைக்காது. நான்ட் பெரிஸில் காரை விட்டுவிட்டு ஷெர்ப்பா பேருந்தில் ஏறி வருவது எளிது. லான்பெரிஸ், பெட்டஸ்-அ-கோய்ட் பக்கங்களிலிருந்தும் அந்தப் பேருந்து உண்டு. திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றை இடஞ்சுழியாக, கிரிப் கோக்கை முதலில் வைத்து நடப்பதே முறை. கடினமான பாறையைத் தெளிந்த காலோடும் தெளிந்த தலையோடும் ஏறலாம். பாறையில் இறங்குவதைவிட ஏறுவது எளிது. மறுபக்கமாக வந்தால் கிழக்கு முகட்டில் களைப்போடு இறங்க வேண்டும், எதிரே ஏறிவரும் வரிசைக்கும் வழிவிட வேண்டும்.

7:00. கார் நிறுத்தத்தின் மேல் மூலையிலிருந்து பிக் டிராக் புறப்படுகிறது. கீழ்ப்பக்கம் அகலமாகப் போவது மைனர்ஸ் டிராக். அதில் இன்று திரும்பி வருவோம். பிக் டிராக் தொடக்கத்திலிருந்தே கல்படிகள். முதல் முக்கால் மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும். இங்கே வேர்த்து நனைந்த உள்சட்டைதான் முகட்டுக் காற்றில் குளிர வைக்கும். புறப்படும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

7:50. பூல்க் அ மோக் என்ற மலைக்கழுத்து, சுமார் 570 மீட்டர். இந்த நாளின் மிக முக்கியமான இடம் இதுதான், எந்தச் சிகரமும் அல்ல. இங்கே பாதை பிரிகிறது. பிக் டிராக் இடப்பக்கமாக, ஏறக்குறைய சமதளத்தில், மலையின் தென்சரிவைச் சுற்றிப் போகிறது. கிரிப் கோக் தடம் வலப்பக்கமாக, நேரே மேலே போகிறது. பெயர்ப்பலகை இருக்கிறது. இருந்தும் ஆண்டுதோறும், பிக் டிராக்கில் போவதாக நினைத்துக்கொண்டு முன்னால் போகிறவர் பின்னாலேயே கிரிப் கோக்கில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. மீட்புக் குழுவை அழைப்பவர்களில் இவர்களும் அடக்கம். மேலே போய்விட்டால் திரும்பி இறங்குவது ஏறியதைவிடக் கடினம். மேலும் போக பயம், கீழே இறங்கவும் பயம் என்று பாறையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே இங்கே நின்று சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். இந்த இடத்திலேயே காற்று ஆளைத் தள்ளுகிறதா? பாறை ஈரமா? மேகம் முகட்டை மூடியிருக்கிறதா? குழுவில் யாருக்காவது உயரம் ஒத்துவராதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பிக் டிராக்கில் போய் அர் வித்வாவைத் தொட்டு, அங்கிருந்து லிவெத் வழியாக இறங்குங்கள். அதுவும் முழு நாள், அதுவும் சிகரங்கள்தான். குழுவில் ஒருவர் தயங்கினால் 'வா, ஒன்றுமில்லை' என்று இழுத்துப் போவதைப் போன்ற தவறு இந்த மலையில் வேறில்லை.

கோல்களை மடித்தாயிற்று, கையுறை மெல்லியது, பையின் இடைவார் இறுக்கியாயிற்று. முதலில் நடைபாதை, பிறகு உதிர்கல், பிறகு பாறைப்படி. கிழக்கு முகட்டில் தொடக்கத்திலேயே ஒரு செங்குத்தான பாறைக் கட்டு வரும். வழியில் கடினமான பகுதிகளில் இதுவும் ஒன்று என்பதால் ஒரு சோதனையாகவும் எடுத்துக்கொள்ளலாம்: இதில் ஏறும்போதே கை நடுங்கினால் இன்னும் திரும்ப முடியும், திரும்பிவிடுங்கள். வழி எது என்று தெரியாதபோது பாறையின் நிறத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் பிடித்த பிடிகள் வெளுத்து மின்னும். பாசி படிந்த, கூர்மையான பாறை வந்தால் தடம் தவறிவிட்டது. கைகளில் இரண்டு, காலில் ஒன்று, அல்லது கால்களில் இரண்டு, கையில் ஒன்று என்று எப்போதும் மூன்று இடம் பாறையில் இருக்கட்டும். பிடியை வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். தளர்ந்த கல்லும் கீழ்நோக்கிய அழுத்தத்தில் பெயராது.

9:00. முகட்டின் கிழக்கு முனை. மூடுபனி நாளில் இங்கே ஒரு பொறி இருக்கிறது: வடக்கு முகடு இங்கிருந்து கீழே லான்பெரிஸ் கணவாய்ப் பக்கம் இறங்குகிறது. தெளிவான தடம்போலத் தோன்றி, கீழே செங்குத்துப் பாறைகளுக்கு இட்டுச் செல்லும். போக வேண்டியது மேற்கே.

இனி சில நூறு மீட்டர் கத்திமுனை. மேலே நிமிர்ந்து நடப்பவர்களும் உண்டு. அதைப் பார்த்து யாரும் செய்ய வேண்டியதில்லை. முகட்டு விளிம்பைக் கைப்பிடிச் சுவராக வைத்துக்கொண்டு, இடப்பக்கம், அதாவது தென்பக்கம், ஓரிரு மீட்டர் கீழே கால் வைத்து நடப்பதே வழக்கம். வலப்பக்கம் நேர்வெட்டாகக் கீழே போகிறது. இடப்பக்கமும் சரிவுதான், ஆனால் படிகள் உண்டு. பயத்தில் கைகள் விளிம்பை விட்டு இறங்கி, கால்கள் இன்னும் கீழே போய்விடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. கீழே போகப் போகப் பாறை உடைந்து உதிர்கல்லாகிறது. பாதுகாப்பு என்று நினைத்த இடமே ஆபத்தாகிறது. விளிம்பு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான் விதி. எதிரே ஆள் வந்தால் அகலமான இடத்தில் இருப்பவர் நிற்க வேண்டும். படம் எடுக்க நின்றால் முதலில் உட்காருங்கள்.

கத்திமுனையின் முடிவில் கோபுரங்கள்போல் மூன்று பாறைத்தூண்கள் வரும். முதல் இரண்டையும் இடப்பக்கமாகச் சுற்றலாம். மூன்றாவதில் ஏறித்தான் போக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் முடியாது என்று தோன்றும், கிட்டே போனால் பிடிகள் வாளிபோல் பெரியவை. சுற்றிலும் வெறும் காற்று என்பதுதான் கடினம், பாறை அல்ல. இதைத் தவிர்க்க நினைத்து இடப்பக்கம் வெகுவாக இறங்குகிறவர்கள் உதிர்கல் ஓடைகளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

10:00. பூல்க் கோக், புல் முளைத்த கழுத்து. இங்கே எல்லோரும் உட்காருகிறார்கள். உட்காரலாம், பத்து நிமிடம். இரண்டாவது முடிவிடம் இது. யாருக்காவது முடியவில்லை என்றால் தெற்குச் சரிவில் பிக் டிராக்குக்கு இறங்க வழி உண்டு. செங்குத்தும் உதிர்கல்லும்தான், அதனால் விருப்பப்பட்டுப் போகும் வழியல்ல. ஆனாலும் பாறை முகட்டில் திரும்பிப் போவதைவிட மேல். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் கல் உருட்டாதபடி நெருக்கமாகவோ குறுக்காக விலகியோ இறங்க வேண்டும்.

கார்னெத் இகைன் ஏற்றம் 200 மீட்டர். இடையில் மீண்டும் பாறை வருகிறது, ஆனால் கிரிப் கோக்கைவிட அகலம். கிரிப் கோக் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் கவனம் தளர்ந்து சறுக்குவது இங்கே நடக்கும். கோல்களை இன்னும் வெளியே எடுக்காதீர்கள். 11:00 மணிக்கு நில அளவைத் தூண். வேல்ஸின் இரண்டாவது உயரமான சிகரம் என்றாலும் இங்கே நிற்பவர்கள் குறைவு. அர் வித்வாவின் கிழக்கு முகம் முழுதாகத் தெரிவது இங்கிருந்துதான். சாப்பிட இதுவே இடம்; அங்கே போனால் கூட்டம்.

இங்கிருந்து தென்மேற்கே அகன்ற சரிவில் இறங்கினால் பூல்க் கிளாஸ். பிக் டிராக்கும் லான்பெரிஸ் பாதையும் ரயில் பாதையும் கூடும் இடம். பிக் டிராக் மேலேறி வரும் வாயில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு நடுகல் நிற்கிறது. பனிமூட்டத்தில் உச்சியிலிருந்து இறங்குபவர்களுக்கு அதுவே அடையாளம். உச்சிக்கு இன்னும் கால் மணி நேரம். ரயில் பாதையை ஒட்டிய தடம்.

11:40. அர் வித்வா, 1085 மீட்டர். 1896இல் திறக்கப்பட்ட பல்சக்கர ரயில் உச்சிக்குக் கீழே வந்து நிற்கிறது. ஹாவோட் எரரி என்ற உச்சிக் கட்டடம் 2009இல் திறந்தது. ரயில் உச்சிவரை ஓடும் பருவத்தில்தான் அங்கே தேநீரும் கழிப்பறையும். மற்ற மாதங்களில் பூட்டிய கதவுதான் வரவேற்கும், ஆகவே அதை நம்பித் தண்ணீரைக் குறைத்துக் கொண்டுவரக் கூடாது. களைத்தால் ரயிலில் இறங்கிவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். மேலே வந்த பயணிகளுக்கு இடம் போக மீதி இருந்தால்தான் கிடைக்கும். கிடைத்தாலும் அது லான்பெரிஸில் இறக்கிவிடும், பென்-அ-பாஸில் அல்ல.

விடுமுறை நாளில் உச்சிக் கல்லைத் தொட நீண்ட வரிசை நிற்கும். கைக்கடிகாரத்தைப் பாருங்கள். கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் உச்சியில் இருந்தால், அல்லது தண்ணீர் அரை லிட்டருக்கும் குறைவாக இருந்தால், லிவெத்தை விட்டுவிட்டு பிக் டிராக்கில் இறங்குவதே சரி. மூன்றாவது முடிவிடம் இது. சுற்று முழுமையாகவில்லை என்ற எண்ணம்தான் பலரை இங்கே தவறாக நடத்துகிறது.

12:10. இறக்கத்தின் தொடக்கத்தில்தான் வழிதவறல் அதிகம். லிவெத் கிழக்கே தெரிகிறதே என்று உச்சியிலிருந்து நேராகக் கிழக்கே இறங்கக் கூடாது; அது பாறை வெட்டு. முதலில் தென்மேற்காக, ரிட் தீ பாதையில், ஏறத்தாழ 200 மீட்டர் போக வேண்டும். அங்கே ஒரு நடுகல் வரும். அதில் இடப்பக்கம் திரும்பினால் வாட்கின் பாதை. பனிமூட்டத்தில் அடிகளை எண்ணிக்கொண்டே போங்கள். நடுகல் வராமல் 300 மீட்டர் தாண்டியிருந்தால் திரும்பி வாருங்கள்.

வாட்கின் பாதையை 1892இல் திறந்து வைத்தவர் பிரதமர் கிளாட்ஸ்டன், அப்போது அவருக்கு 82 வயது. அவர் பேசியது வெகு கீழே, பள்ளத்தாக்கின் பாறை ஒன்றின் மேல் நின்று. மேலே இந்த முதல் 250 மீட்டர் இறக்கம் அவ்வளவு மரியாதையானதல்ல. செங்குத்து, உதிர்கல், எது தடம் எது சறுக்கல் என்று தெரியாத கோடுகள். இப்போதுதான் கோல்களை எடுக்க வேண்டும், சற்று நீட்டி. குதிகாலை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, சிறு அடிகளாக. பின்னால் சாய்ந்தால் கால் முன்னால் ஓடிவிடும். உடம்பின் எடை பாதத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

கீழே பூல்க் அ சைதை. அங்கிருந்து கிட்டத்தட்ட சமதளமாக நடந்தால் பூல்க் கிலியை, 744 மீட்டர். வாட்கின் பாதை இங்கே வலப்பக்கம் திரும்பி நான்ட் குவினன்ட் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. தேய்ந்து அகன்ற அந்தத் தடமே கண்ணை இழுக்கும். அதில் இறங்கிவிட்டால் கார் இருக்கும் பென்-அ-பாஸிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்வீர்கள். போக வேண்டியது நேரே, எதிரே எழும் லிவெத்தை நோக்கி.

13:20. லிவெத் ஏற்றம் 150 மீட்டர்தான், ஆனால் இது நாளின் கடைசி ஏற்றம். கால்கள் அதைச் சொல்லும். தொடங்கும் முன்னே ஏதாவது சாப்பிடுங்கள், ஏறியபின் அல்ல. இடப்பக்கம் வடமுகத்தின் விளிம்பு. விளிம்பை ஒட்டி ஏறினால் கைக்குப் பாறை கிடைக்கும், லடாவ் ஏரி நேர்கீழே தெரியும். உயரம் பிடிக்காதவர்கள் வலப்பக்கமாகச் சற்று விலகி ஏறலாம். மேற்கு உச்சி 898 மீட்டர், ஒரு சிறு பள்ளத்துக்குப் பிறகு கிழக்கு உச்சி 893 மீட்டர். என் பார்வையில் சுற்றின் மிக நல்ல இடம் இந்த இரண்டுக்கும் நடுவே. காலையில் நடந்த முகடு முழுவதும் எதிரே நீண்டு கிடக்கிறது, கிரிப் கோக்கில் நகரும் ஆட்கள் புள்ளிகளாகத் தெரிகிறார்கள், பக்கத்தில் யாரும் இல்லை.

கிழக்கு உச்சியிலிருந்து இறங்கும்போது இன்னும் பாறைப்படிகள் உண்டு. லிவெத் பாக் மேட்டைக் கடந்தபின் தடம் இடப்பக்கம் திரும்பி ஏரியை நோக்கி இறங்கும். திருப்பத்தில் கற்குவியல் இருக்கிறது. அதைத் தவறவிட்டு நேரே முகட்டில் போகிறவர்கள் உண்டு. ஏரிக்குச் சீக்கிரம் போகலாம் என்று திருப்பத்துக்கு முன்பே இடப்பக்கம் இறங்கவும் கூடாது; கீழே பாறை. இந்த இறக்கம் குறுகியது, ஆனால் முழங்காலுக்குப் பெரியது. கணுக்கால் பிசகுவது இங்கே அதிகம், காரணம் களைப்பு மட்டுமே. அரை மணிக்கொரு முறை நின்று இறங்குவதில் வெட்கமில்லை.

15:00. ஏரிக்கரை, நேற்று பார்த்த குழாய், மைனர்ஸ் டிராக். கார் நிறுத்தம் 15:40.

வழியில் யாருக்காவது அடிபட்டால்: 999 அல்லது 112ஐ அழைத்து முதலில் 'போலீஸ்' என்று கேட்க வேண்டும், பிறகு 'மவுண்டன் ரெஸ்கியூ'. ஆம்புலன்ஸ் என்று கேட்டால் அழைப்பு வேறு வழியில் சுற்றும். வரைபடக் கட்ட எண், எத்தனை பேர், என்ன காயம், என்ன நிற உடை. இவ்வளவும் தயாராக இருக்கட்டும். சிக்னல் இல்லையென்றால் விசிலில் ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. பதில் மூன்று ஊதலாக வரும். பதில் வந்தபிறகும் ஊதிக்கொண்டே இருங்கள். ஒலியைப் பிடித்துத்தான் வருவார்கள். மீட்புக் குழுவினர் எல்லோரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பாதையோரக் கடைகளில் அவர்களுக்கான உண்டியலைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள்.

மூன்றாம் நாள்: சுற்றுக்கு இன்னும் தயாராகாதவர்களுக்கு

இன்று மேகம் 500 மீட்டரில். நேற்றைய சுற்று இன்று இல்லை. சாலையோரம் கீழே, இரண்டு சாலைகள் சந்திக்கும் முனையில், பென்-அ-கூரிட் விடுதி இருக்கிறது. 1953 எவரெஸ்ட் குழு பயிற்சிக்கு வந்து தங்கிய இடம். அவர்களின் கையெழுத்துகள் உட்கூரையில் இருக்கின்றன. மழை நாளுக்கு அது போதும்.

மேகம் ஏறினால், கிரிப் கோக் போவதா வேண்டாமா என்று தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல சோதனை மலை உண்டு: காபெல் கிரிக் அருகே மொய்ல் ஷாபோட், 872 மீட்டர். பாண்ட் கவிங் பாலத்தருகே தொடங்கி, பழைய பலகைக்கல் சுரங்கத்தைக் கடந்து, லின் அ வொய்ல் என்ற ஏரிக்குப் போய், டையர் தீ என்ற முகட்டில் ஏற வேண்டும். கை வைத்து ஏறும் பாறைதான், ஆனால் அகலமானது. பிடிக்காத இடத்தில் வலமோ இடமோ விலகிப் புல்லில் நடக்கலாம். இறக்கம் வடக்கே, எளிய சரிவு. ஐந்து மணி நேரம்.

டையர் தீயில் விலகாமல், விளிம்பை ஒட்டியே ஏறிப் பாருங்கள். கை பிடிப்புக்கு மட்டும் இருந்து கால்தான் வேலை செய்தது, கீழே பார்த்தும் மூச்சு மாறவில்லை என்றால் அடுத்த காய்ந்த நாளில் பூல்க் அ மோக்கில் வலப்பக்கம் திரும்பலாம். மூச்சு மாறியது என்றால் காபெல் கிரிக்கிலேயே பிளாஸ் அ பிரெனின் என்ற தேசிய மலைப் பயிற்சி மையம் இருக்கிறது. ஆசிரியரோடு பாறை முகட்டில் நடக்கும் பயிற்சிகளை அங்கே தருகிறார்கள். குளிர்காலச் சுற்று வேறு கதை. பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பானும் கையில் இருப்பது மட்டும் போதாது, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், நேற்றைய நேரக்கணக்கு எதுவும் அப்போது பொருந்தாது.